ஈரி ஏரியும் 12 பவுண்டு ஸ்பிரிங்கும்

க்ளீவ்லாந்திலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால், ஒஹாயோவின் தட்டையான நிலம் ஈரி ஏரியில் போய் முடிகிற இடத்தில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும். அப்புறம் சதுப்பு நிலம், நாரைகள். டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் விடாமல் கூடவே வருகிறது. முகாமுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஏரி. இலக்குப் பலகைகள் ஏரிக்கு முதுகு காட்டி நிற்கின்றன. தவறிப் போகும் குண்டு தண்ணீரில் விழட்டும் என்ற கணக்கு. சுடும் நேரத்தில் அந்தப் பக்கம் படகுகளை விடமாட்டார்கள்.

1813இல் இந்த ஏரியில் ஆங்கிலேயக் கப்பற்படையைத் தோற்கடித்த ஆலிவர் ஹஸர்ட் பெர்ரியின் பெயர்தான் முகாமுக்கு. அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் 1903இல் நியூஜெர்சியின் ஸீ கர்ட் என்ற ஊரில் தொடங்கி, 1907இல் இங்கே இடம் மாறின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகளை இங்கே அடைத்துவைத்திருந்தார்கள். போட்டியாளர்கள் தங்கும் சின்னச் சின்னக் குடில்களைப் பார்க்கும்போது அந்த நினைப்பு வராமல் இல்லை. ஜூலை வெயிலில் அந்தக் குடிலுக்குள் உறங்க வருகிறவர்கள் பணம் கட்டி வருகிறார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

என்னை அழைத்துப் போனவர் அத்தான், அக்காவின் கணவர். க்ளீவ்லாந்தில் மென்பொருள் வேலை. வார இறுதிகளில் பிஸ்டல் போட்டி. "மாப்ளே, இங்க எல்லாரும் துப்பாக்கியைப் பத்திப் பேசுவாங்கன்னு நினைச்சு வராதே. பாதி நேரம் ஸ்பிரிங்கைப் பத்திதான் பேசுவாங்க" என்று காரிலேயே எச்சரித்தார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். சொன்னது குறைவுதான்.

இங்கே நடப்பது புல்ஸ்ஐ என்று பழகுமொழியில் சொல்லப்படும் பழைய பாணிப் போட்டி. ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும். மறு கை பேன்ட் பையில் இருக்கலாம். 50 கஜ தூரத்தில் 10 நிமிடத்தில் 10 தோட்டா. பிறகு 25 கஜத்தில் 20 விநாடிக்கு 5 தோட்டா வீதம் ஒரு கட்டம், 10 விநாடிக்கு 5 வீதம் இன்னொரு கட்டம். .22, சென்டர்ஃபயர், .45 என்று மூன்று வகைக்கும் 90 தோட்டாக்கள் வீதம் சுட்டால் மொத்தம் 2,700 புள்ளி. 1974இல் ஹெர்ஷல் ஆண்டர்சன் எடுத்த 2,680 புள்ளிகளைப் பற்றி இங்கே இன்றும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். 12 முறை தேசிய சாம்பியனான பிரையன் ஸின்ஸ், கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். அவர் பெயரைச் சொன்னால் கையைப் பிடிக்கும் முறை பற்றி அரை மணி நேரப் பாடம் இலவசம்.

10 விநாடிக் கட்டத்தில்தான் அந்த ஸ்பிரிங் சனியன் தலைகாட்டும். இலக்குப் பலகைகள் சட்டென்று முகம் திருப்புகின்றன. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கிறது. எனக்கு நேர் எதிரே இருந்தவருடைய துப்பாக்கி மூன்றாவது குண்டோடு நின்றுவிட்டது. காலி உறை வெளியே விழாமல், துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடின் வாயில் செங்குத்தாகக் கவ்விக்கொண்டு நின்றது. அவர் திட்டவில்லை, இடது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுத்து உயர்த்தினார், அவ்வளவுதான். அதிகாரி வந்து பார்த்து உறுதிசெய்தால் மறுபடி சுட வாய்ப்பு உண்டு. 'ஆலிபை' என்கிறார்கள். வாய்ப்பு கிடைத்தாலும் மனசு கலைந்துவிடும். ஒரு கையால் கருப்பு வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு மனசுதானே மூலதனம்?

"ஸ்பிரிங் ஜாஸ்தி, இல்லன்னா மருந்து கம்மி" என்றார் அத்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே பெரும்பாலானோர் கையில் இருப்பது 1911 மாடல் .45 பிஸ்டல். சுட்டதும் குண்டு முன்னால் போகிறது. அதே உந்தத்தால் ஸ்லைடும் குழலும் ஒன்றாகப் பூட்டிய நிலையில் பின்னால் கிளம்புகின்றன. கால் அங்குலத்துக்குள் குழலின் பின்புறம் ஒரு சிறு கண்ணியால் கீழே இழுபட்டுப் பூட்டு விலகுகிறது. குழல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து ஓடி, காலி உறையை இழுத்து வெளியே எறிந்து, சுத்தியலைச் சாய்த்து, குழலுக்குக் கீழே இருக்கும் நீண்ட ரிகாயில் ஸ்பிரிங்கை நசுக்குகிறது. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஓட்டம். பிறகு அந்த ஸ்பிரிங் விரிந்து ஸ்லைடை முன்னால் தள்ளும்போது, மேகஸினின் மேலிருக்கும் தோட்டாவை உருவி அறைக்குள் செலுத்தி, குழலை மறுபடி தூக்கிப் பூட்டுகிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

ஆக ஸ்பிரிங்குக்கு வேலை இரண்டு: போகும்போது பிரேக், வரும்போது உந்துகோல். நம் ஊர் ஏ.சி. அறைக் கதவில் மாட்டியிருக்கும் டோர் குளோசரை நினைத்துக்கொண்டால் போதும். அது இறுக்கமாக இருந்தால் குழந்தை தள்ளினால் கதவு முழுதாகத் திறக்காது, திறந்தாலும் அறைந்து சாத்தும். தளர்வாக இருந்தால் எளிதில் திறக்கும், ஆனால் கொக்கி விழாமல் ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கும். பிஸ்டலில் குழந்தையின் இடத்தில் தோட்டா இருக்கிறது. தள்ளுகிற பலம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும் என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு மாறும்? அத்தான் தன் கையேட்டில் போட்டு வைத்திருந்த கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ராணுவத்துக்காக உருவான .45 தோட்டாவின் குண்டு 230 கிரெய்ன் எடை, அதாவது சுமார் 15 கிராம். விநாடிக்கு ஏறக்குறைய 830 அடி வேகம். எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 191. புல்ஸ்ஐ ஆட்கள் வீட்டில் கையால் நிரப்பிக்கொள்ளும் மென்மையான தோட்டாவில் குண்டு 185 கிரெய்ன், வேகம் 750 அடி என்று வைத்தால் 139. உந்தத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. கேட்கப் பெரிதாக இல்லை. ஆனால் ஸ்லைடின் வேகம் உந்தத்தோடு குறைகிறது. அதன் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. 139ஐ 191ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 0.53. வெடிமருந்தின் எடையைக் கணக்கில் சேர்த்தால் எண் சற்று நகரும், படம் மாறாது. கை உணர்கிற உதை கொஞ்சம் குறைந்தது. ஸ்லைடுக்குக் கிடைக்கிற சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அப்படியானால் ஸ்பிரிங்கையும் பாதியாக்க வேண்டுமா? இல்லை. ஸ்லைடின் ஆற்றலில் இந்த ஸ்பிரிங் ஏந்துவது ஒரு பகுதியைத்தான். சுத்தியலைச் சாய்ப்பதில் ஒரு பகுதி போகிறது, உராய்வில் கொஞ்சம், முழு மருந்துத் தோட்டா என்றால் மிச்சம் துப்பாக்கியின் சட்டத்தில் மோதித் தீர்கிறது. 1911இன் ஐந்து அங்குலக் குழலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போன நிலையில் ஸ்பிரிங் தரும் எதிர்விசை அது, நம் கணக்கில் ஏழேகால் கிலோ. மென்தோட்டாவுக்கு இங்கே பலரும் 12 அல்லது 13 போடுகிறார்கள். அதற்குக் கீழே போனால் இரண்டாவது வேலை கெட்டுவிடும்: ஸ்லைடு முழுதாக மூடாமல் இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கும்; விசையை அழுத்தினாலும் வெடிக்காது, வெடிக்காதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெரியவர். ராணுவ அணிக்குத் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர் என்று அத்தான் சொன்னார். தூண்டில் முள் வைக்கிற பெட்டி நிறைய ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றும் தனிப் பையில், பையில் தேதியும் எண்ணும். அவரிடம் போய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் முறை எளிமையானது. மேகஸினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் ஸ்லைடு கடைசிவரை போய்ப் பின்னால் பூட்டிக்கொள்கிறதா? பூட்டாவிட்டால் அந்தத் தோட்டாவுக்கு ஸ்பிரிங் பலம் அதிகம். பூட்டினால் அடுத்த எடைக்கு ஏறு. பூட்டாத ஒரு எடை வந்ததும் ஒரு படி இறங்கி அதில் நில். பிறகு மேகஸினை நிரப்பி, கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துச் சுட்டுப் பார். பத்துத் தோட்டா ஓடினால் கொண்டாடாதே, நூறு ஓடட்டும்.

கையைத் தளர்த்தி என்றது ஏன் என்று கேட்டேன். ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமானால் சட்டம் ஓடாமல் நிற்க வேண்டும். சட்டத்தை நிறுத்துவது மணிக்கட்டு. மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் சட்டமும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடுக்கு ஓட்டம் குறையும். இரண்டு கையால் பிடிக்கும்போது ஒழுங்காக ஓடுகிற அதே துப்பாக்கி, ஒரு கைப் போட்டியில், அதுவும் மாலையில் கை ஓய்ந்தபின் மக்கர் பண்ணுவது இதனால்தான். காலையில் சுத்தமாக ஓடியதே என்று சாதிப்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வருமாம்.

கீழே கிடக்கும் காலி உறைகளையும் அவர் படிக்கிறார். காலடியிலேயே சுருண்டு விழுந்தால் ஸ்லைடுக்கு மூச்சு முட்டுகிறது. பக்கத்துக்குப் பக்கத்து இடத்துக்காரர் மேல் போய் விழுந்தால் ஸ்பிரிங் போதவில்லை, ஸ்லைடு சட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. இதை நாற்காலியில் சாய்ந்தபடியே ஐந்தாறு பேருக்கு அவர் சொல்லிவிடுவதைப் பார்த்தேன். சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் நம்பவில்லை.

பழைய காலத்தில் எடை வாரியாக ஸ்பிரிங் கிடைக்காது. ஒரு வெட்டுக்குறடு எடுத்து ஒரு சுற்று, அரைச் சுற்று என்று நறுக்கிக்கொண்டே போவார்கள், மென்தோட்டாவுக்கு ஸ்லைடு பூட்டுகிற வரை. நறுக்கியதை ஒட்ட முடியாது. அப்படி நறுக்கப்பட்ட துப்பாக்கியை அடுத்தவர் விலைக்கு வாங்கி, ராணுவத் தோட்டாவைப் போட்டு அடித்து, சட்டத்தைச் சேதப்படுத்திய கதைகள் பெரியவரிடம் நிறைய இருந்தன. செகண்ட் ஹேண்ட் பிஸ்டல் வாங்கினால் முதல் வேலை ஸ்பிரிங்கை மாற்று என்பது அவர் கட்சி. புதிதாக வாங்கியதும் சும்மா இருப்பதில்லை. நசுங்கி நசுங்கி நீளம் குறையும். இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றிவிடுவதை இங்கே பலரும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். பையில் தேதி எழுதுவது அதற்குத்தான்.

நடுவில் ஒரு குழப்பம். இரண்டு பேர், ஒரே தோட்டா, ஒரே நீளக் குழல். ஒருவர் 13 போடுகிறார், மற்றவர் 11க்கு இறங்கியிருக்கிறார். காரணம் துப்பாக்கியின் தலையில் இருந்தது. சிவப்புப் புள்ளி காட்டும் சின்னப் பார்வைக் கருவியை ஒருவர் சட்டத்தோடு இணைத்த தண்டில் பொருத்தியிருந்தார். மற்றவர் ஸ்லைடின் மேலேயே. மாட்டும் தட்டையும் சேர்த்து மூன்று நான்கு அவுன்ஸ் கூடினால் ஸ்லைடு கனத்துவிடுகிறது. கனத்த ஸ்லைடு அதே உதைக்கு மெதுவாகக் கிளம்பும். எதிர்ப்பக்கமும் உண்டு. குழலை நாலேகால் அங்குலமாகக் குறைத்த கமாண்டர் மாடலில் ஸ்லைடு இலேசு, வேகமாக ஓடும். அதனால் 18 பவுண்டு. இன்னும் குட்டையான வகைகளுக்கு 22, அதற்கும் மேல். சின்னத் துப்பாக்கியைக் கையால் இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று கடையில் புலம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இந்த மாடலின் புகழே ஒரு சோதனையில் பிறந்தது. 1911 மார்ச்சில் ராணுவத் தேர்வில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு கோளாறும் இல்லாமல் சுட்டது. நூறு தோட்டாவுக்கு ஒரு முறை ஆறவிட்டார்கள், ஆயிரத்துக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். மார்ச் 29இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நூறு ஆண்டுகளாக இதை ஒரு துப்பாக்கியின் சாதனையாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு இந்த மைதானத்தில் இரண்டு நாள் உலாவியபின் வேறு மாதிரி தோன்றுகிறது. அன்று ஓடியது ஒரு துப்பாக்கியும் அதற்கென்றே உருவான ஒரு தோட்டாவும். துப்பாக்கியை வரைந்த பிரௌனிங்தான் .45 தோட்டாவை வடிவமைத்ததிலும் இருந்தார். அரசாங்கம் ஒரே தோட்டாவை ஒரே துப்பாக்கிக்குக் கொடுக்கிற வரை எந்தச் சிப்பாயும் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். 1926இல் பெல்ஜியத்தில் இறந்தபோது பிரௌனிங் பாதியில் விட்டுப்போன வடிவத்தை டியூடோனே செவ் முடித்து, 1935இல் ஹை-பவர் பிஸ்டல் வந்தது. இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி தயாரிக்கும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் அதன் வாரிசு. அதை இடுப்பில் வைத்திருக்கும் நம் காவல் அதிகாரி எவரும் எத்தனை பவுண்டு ஸ்பிரிங் என்று கேட்டிருக்கமாட்டார். இலாகா துப்பாக்கி, இலாகா தோட்டா, முடிந்தது. புல்ஸ்ஐக்காரர்தான் வீட்டு மேசையில் உட்கார்ந்து மருந்தைக் குறைத்து அந்தப் பொருத்தத்தைத் தானே உடைக்கிறார். உடைத்தவரே ஒட்டவைக்கவும் வேண்டும்.

இதைச் சொன்னவுடன் ஒரு எதிர்வாதமும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் ஸ்பிரிங் மேல் போடும் வியாதி ஒன்று இங்கே பரவியிருக்கிறது. முகாமின் கடை வீதியில், கமர்ஷியல் ரோ என்பார்கள், ஸ்பிரிங் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தேவை மேகஸின் என்று பெரியவர் அலுத்துக்கொண்டார். மேகஸின் உதடுகள் கொஞ்சம் விரிந்திருந்தால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு முட்டும். மேகஸினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் அடுத்த தோட்டா மேலே வருவதற்குள் ஸ்லைடு கடந்துவிடும். அந்த நேரத்தில் மேலே இன்னும் பலமான ரிகாயில் ஸ்பிரிங்கைப் போட்டால் ஸ்லைடு இன்னும் வேகமாக மூடி, நோயை முற்றச் செய்யும். தட்டை மூக்குக் குண்டு அறையின் விளிம்பில் இடறலாம். ஏரிக் காற்று குளிர்ந்து அடிக்கும் காலையில் எண்ணெய் தடித்துப்போனாலே மென்தோட்டாவுக்கு மூச்சுத் திணறும். மதியம் அதே துப்பாக்கி ஜோராக ஓடும்.

பலமான ஸ்பிரிங் துப்பாக்கியைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இதே வகை. போகும்போது மெதுவாகப் போகிறது என்பது சரி. வரும்போது அதே பலத்தோடு முன்னால் அறைகிறதே, அதை யார் வாங்கிக்கொள்வது? குழலின் கண்ணியும் பூட்டு ஆணியும்தான். குறிபார்த்துச் சுடுகிறவருக்கு இன்னொரு தொல்லை: பலமான ஸ்பிரிங் மூடும்போது துப்பாக்கியின் மூக்கைக் கீழே இடிக்கிறது, 10 விநாடிக்குள் 5 முறை அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். சரியான எடையில் சிவப்புப் புள்ளி மேலே எழும்பி, தானாகவே கருப்பு வட்டத்துக்குத் திரும்பி வருகிறது என்கிறார்கள். அத்தான் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

.22 போட்டியில் இந்தப் பஞ்சாயத்து குறைவு. இலக்குச் சுடுதலுக்கென்று செய்த .22 பிஸ்டல்கள் பெரும்பாலும் விநாடிக்கு 1,070 அடி அளவிலான சாதாரண வேகத் தோட்டாவுக்கே சமன் செய்யப்பட்டவை. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதிவேகத் தோட்டாவைப் போடாமல் இருந்தால் சரி.

மறுநாள் சர்வீஸ் பிஸ்டல் போட்டி. 30 தோட்டா, 300 புள்ளி. சிறந்து விளங்குவோர் பதக்கத்துக்கான புள்ளிகளைச் சேர்க்கும் ஆட்டம். பல பத்தாண்டுகள் இதில் ராணுவத்தின் 230 கிரெய்ன் தோட்டாதான் கட்டாயம். 'ஹார்ட்பால்' என்று அதற்குப் பெயர். விதிகளில் நெகிழ்வுகள் வந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, பழக்கமும்தான். அதனால் முந்தின நாள் மாலை முகாம் முழுக்க ஒரே காட்சி: மேகஸினைக் கழற்றி, அறை காலி என்று இரண்டு முறை பார்த்து, 12ஐ எடுத்துவிட்டு 16ஐப் போடுகிறார்கள். இந்த மாடலில் ஸ்பிரிங்கின் முனையில் ஒரு சிறு குமிழ் மூடி உண்டு. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் முன்வளையத்தைத் திருப்ப வேண்டும். பிடி நழுவினால் பறந்துவிடும். நான் பார்க்கப் பார்க்க இரண்டு மூடிகள் பறந்தன. ஒன்று கூடாரத் துணியில் பட்டுத் திரும்பியது. மற்றதைத் தேடி நான்கு பேர், அதில் ஒருவர் சீருடைக்காரர், புல்லில் தவழ்ந்தார்கள்.

அத்தானுடையது பறக்கவில்லை. ஆனால் மேசையில் இரண்டு ஸ்பிரிங்குகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. அவர் குனிந்து கடைசிச் சுற்றைத் தேடினார். ஒன்றில் ரோஸ் நிறம், இன்னொன்றில் கருஞ்சிவப்பு. "உங்க அக்காவோட நெயில் பாலிஷ்" என்றார். "ரோஸ் பன்னெண்டு, கருஞ்சிவப்பு பதினாறு. ரெண்டையும் அவ தேடிக்கிட்டிருக்கா. நீ வாயைத் திறக்காதே மாப்ளே."

இரவு போர்ட் கிளின்டனில் வறுத்த பெர்ச் மீன் சாப்பிடும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று அவர் கையைக் காட்டுவதற்குள் நான் போட்டுவிட்டேன்.